சாணும் முழமும்

இன்று காலை மைனஸ் முப்பத்தொன்று.
வின்னிபெக்கில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை,
திறந்தால் பல் கூசும்.
வாகன நிறுத்தத்தில் ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும்
ஒரு மின்கம்பி சுவருக்கு ஓடுகிறது.
இரவெல்லாம் எஞ்சினுக்குக் கணப்பு.
கணப்பில்லாமலும் சில நாள் கிளம்பிவிடும்தான்.
எந்த நாள் என்பதுதான் தெரியாது.

ஆறாவது மாடியில் எனக்கொரு மேசை.
ஹலினா ப்ரொகோப்சுக், இடர் மேலாண்மை.
உங்கள் கணக்கில் என்ன மிச்சம் என்பது
உங்களுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
அதனால் என் குரல் யாருக்கும் பிடிப்பதில்லை.

கார்னீலியஸ் தீசன் ஸ்டைன்பாக்கில் டயர் கடை வைத்திருப்பவர்.
பனி விழுமுன்பே மாற்றிவிடுங்கள் என்று
ஊருக்கெல்லாம் குளிர்கால டயர் விற்பவர்.
கடுகின் பங்காளியான கனோலாவில்
நாற்பது ஒப்பந்தம், எண்ணூறு டன்,
ஒரு மணியைக்கூடத் தொடாமல் வாங்கினார்
அறுநூற்று நாற்பத்திரண்டில்.
ஸ்டாப் லாஸ் அறுநூற்று இருபத்தெட்டு.
அவர் கையாலேயே வைத்தது,
சந்தை மூடிக்கிடந்த ஒரு ஞாயிறு மாலை,
நிதானம் இழக்கப்போகிறவனுக்கு
நிதானமாய் இருக்கும்போதே எழுதிவைத்த கடிதம்.

செவ்வாயன்று விலை முப்பதைத் தொட்டது.
கடிதத்தைத் திருத்தினார்: இருபது.
புதன் காலை மறுபடி: பத்து.
மதியம் அந்த இடத்தில் எதுவுமே இல்லை.

இரவோடு இரவாக வரப்புக்கல்லை நகர்த்துகிறவர்கள்
அடுத்தவன் நிலத்துக்குள் நகர்த்துவார்கள்.
இவர் தன் நிலத்துக்குள்ளேயே
தள்ளிக்கொண்டு வந்தார்,
வீட்டு வாசல்வரை.

அழைத்தேன்.
பத்தொன்பதாயிரம் டாலர் மார்ஜின், பன்னிரண்டரைக்குள் என்றேன்.
"தலைக்கு மேல் போய்விட்டது, ஹலினா,
இனி சாண் என்ன, முழம் என்ன?"
அந்தச் சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்தான்
எனக்குச் சம்பளம் என்று சொல்லவில்லை.
அவர் காரணங்கள் சொன்னார்.
துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது,
எண்ணெய் ஆலைகளில் இருப்பு இல்லை.
நல்ல காரணங்கள்.
கெட்ட காரணத்தை நம்பி யாரும் திவாலாவதில்லை.
பின்னால் ஏதோ ஒரு டயர் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு விற்றேன்.
அறுநூற்று ஒன்பது. நாற்பதும்.
இருபத்தாறாயிரத்து நானூறு போயிற்று.
கடை போகவில்லை.
கடையைப் பற்றி நன்றி சொல்ல
இதுவரை யாரும் அழைத்ததில்லை.

பதினோராம் நாள் அழைத்தார்.
கத்தவில்லை.
"அறுநூற்று ஐம்பத்தைந்து" என்றார், அவ்வளவுதான்.
என் திரையிலும் அதே எண்தான்.
விலை திரும்பியதால் விற்றது தவறாகாது
என்று பாடப்புத்தகம் சொல்லும்.
பாடப்புத்தகம் தொலைபேசி எடுப்பதில்லை.
"ஆமாம், மிஸ்டர் தீசன்" என்றேன்.
வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன்,
கிடைக்கவில்லை.

நெடுநேரம் கழித்துக் கேட்டார்:
"நானே நினைத்தாலும் நகர்த்த முடியாதபடி
ஸ்டாப்பைப் பூட்டிவைக்க வழியுண்டா?"
"அப்படியொரு பூட்டு எங்களிடம் இல்லை.
எத்தனை ஒப்பந்தம்?"
"நான்கு" என்றார்.
பிறகு, "மூன்று."

மாலை ஐந்துக்கே இருட்டு.
என் கார் டிக்கியில் மண்வாரி, தகர டப்பாவில் மெழுகுவத்தி,
தீப்பெட்டி, கெட்டித்துப்போன சாக்லேட்.
நான்கு குளிர்காலமாய்ச் சுமக்கிறேன்.
ஒருமுறைகூடத் திறந்ததில்லை.
போன வாரம் அந்தச் சாக்லேட்டைத் தின்றுவிடலாமா என்றிருந்தது,
அவ்வளவு பசி.
தின்னவில்லை என்று பெருமையாய்ச் சொல்ல முடியாது,
பாதி தின்றேன்.

வீட்டு வாசலில் கம்பி
குச்சியாய் விறைத்துக் கிடந்தது.
கையுறையைக் கழற்றி, வளைத்து,
செருகினேன்.